அப்பாவின் பல்லில் நிற்காத சிமெண்டு

பல்லில் ஒன்றை ஒட்ட வைப்பதில் எனக்கு அப்படியொரு பைத்தியம். பல் மருத்துவம் முடித்து, எங்கள் ஊர் போடியிலேயே ஒரு கிளினிக்கில் சேர்ந்த புதிதில், யார் வந்து உட்கார்ந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். சொத்தையை எடுத்த இடத்தில் ஒரு ஜெல்லைத் தடவிக் கழுவினால் பல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்துகொள்ளும். அதற்குள் பசை இறங்கும். மேலே பல்லின் நிறத்திலேயே களிம்பை வைத்து நீல வெளிச்சம் காட்டினால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். ஊரில் எல்லாரும் அதைச் சிமெண்டு என்றுதான் சொல்வார்கள். "சிமெண்டு இல்லீங்க, இது வேற" என்று நான் திருத்துவேன். வலியோடு வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறவருக்குத் திருத்தம் எதற்கு என்று அப்போது தோன்றியதில்லை.

அப்பாவுக்குக் கடைவீதியில் ஏலக்காய், கிராம்பு, மிளகு மொத்த வியாபாரம். ஏலக்காயை முன்பல்லால் உடைத்து, உள்ளே அரிசி கறுத்து முற்றியிருக்கிறதா என்று பார்ப்பார். அந்த முன்பல்லின் ஓரத்தில்தான் சொத்தை. கறுத்த பள்ளம் வெளியே தெரிய ஆரம்பித்ததிலிருந்து, யாராவது சிரிக்க வைத்தால் துண்டால் வாயை மறைத்துக்கொள்வார். பல் டாக்டரைப் பெற்றவர் பல்லை மறைத்துக்கொண்டு திரிவது கடைவீதிக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது.

"நீயே பாத்துவிடு ஆத்தா. ஆனா அந்த மெசினு வேணாம். சத்தம் கேட்டாலே எந்திரிச்சு ஓடிருவேன்" என்றார்.

நான் குதித்தேன். மெஷினே இல்லாமல் எடுக்கிற வழி ஒன்று உண்டே. பப்பாளிப் பாலிலிருந்து செய்த ஜெல்லை வைத்தால் சொத்தை இளகிவிடும், சின்னக் கரண்டி போன்ற கருவியால் வழித்தெடுத்துவிடலாம், கெட்ட பாகம் மட்டும்தான் போகும் என்று அப்பாவுக்குப் பாடமே நடத்தினேன்.

"பப்பாளிக்காய் போட்டா கறி சீக்கிரம் வேகும்னு ஒங்கம்மா சொல்லுவா. பல்லும் வேகுமா?" என்று கேட்டார்.

ஊசிகூடப் போடவில்லை. வழித்தேன், கழுவினேன், பசை தடவினேன், களிம்பை அடுக்கினேன், வெளிச்சம் காட்டினேன். அப்பா ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. என் கை அவ்வளவு பதம் என்று நினைத்துக்கொண்டேன். பல்லைப் படம் பிடித்து, கூடப் படித்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

நான் அடைத்தது டீ கிளாசில் விழுந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவர் பக்கத்துக் கடை வியாபாரி. அப்பாவுக்கு மச்சான் முறை, எனக்கு மாமா. கடையிலிருந்து அப்பாவைக் கையோடு இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கே வந்துவிட்டார்.

"மருமகளே, ஒங்கப்பன் பல்லு டீக்குள்ள கெடந்துச்சு. வடிகட்டிக் கொண்டாந்திருக்கேன்" என்று காகிதத்தில் மடித்ததை நீட்டினார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் துண்டுக்குப் பின்னால் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஏலக்காயப் பல்லால ஒடைக்காதீங்கன்னு சொன்னேன்ல? சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி எத்தன தடவ சொல்றது?" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை.

"ஒடைக்கல ஆத்தா."

"ஒடைக்காமயா விழுந்துச்சு?"

அப்பா துண்டை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மாமா அந்தக் காகிதத்தை மறுபடி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, அப்பாவை உள்ளே கூட்டிப்போய்த் திரும்ப வைத்துவிட்டேன்.

அதுவும் நிற்கவில்லை.

இந்த முறை அப்பா தனியாக வந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அடியில் இருந்த பசை முழுக்க இறுகாமல் பிசுபிசுவென்று கிடந்தது. விளக்கைச் சோதித்தேன். பசைப் புட்டியின் தேதியைப் பார்த்தேன். எச்சில் பட்டிருக்குமோ, ஈரம் நின்றிருக்குமோ என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. "செத்த நேரம் வெளிய இருங்கப்பா" என்று அனுப்பிவிட்டு, தைரியம் வருவதற்காக அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வந்தவர் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர். நாற்காலியில் சாய்ந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"என்னம்மா, இங்கன யாரு பிரியாணிப் பொட்டலத்தப் பிரிச்சது?"

"அப்படி ஒண்ணும் இல்லையே."

"மூக்கத் தொளைக்குது, ஒங்களுக்குத் தெரியலயா? போன தடவ வந்தப்பவும் இதே வாசம். ஒங்கப்பா எந்திரிச்சுப் போன பொறகுதேன் நான் ஒக்காந்தேன். எனக்கு அப்பவே பசிச்சுருச்சு."

நானும் உறிஞ்சிப் பார்த்தேன். எனக்கு ஒரு வாசமும் வரவில்லை. பிரியாணியில் மூக்கைத் துளைப்பது கிராம்புதானே.

கல்லூரி விடுதியில் முதல் மாதம், அறைத்தோழி என் பெட்டியைத் திறந்துவிட்டு, "உன் துணி எல்லாம் கிராம்பு நாத்தம்" என்றாள். அதன் பிறகு எத்தனை சோப்பு, எத்தனை செண்ட். அப்பா பார்க்க வரும்போது வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியிருக்கிறேன். எல்லாருக்கும் வருகிற அந்த வாசம் எனக்கு மட்டும் வராது. பிறந்ததிலிருந்து மூச்சோடு கலந்தது அது.

கிராம்பு எண்ணெய் பட்ட இடத்தில் அந்தப் பசை இறுகாது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அதனால்தான் வருகிற ஒவ்வொருவரிடமும், "பல்லுல கிராம்பு, தைலம் ஏதாச்சும் வச்சீங்களா?" என்று முதலில் கேட்பேன். கிராம்பு விற்கிறவரிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்பானேன், என் அப்பாதானே என்று இருந்துவிட்டேன். போதாததற்கு மெஷின் வைக்காமல் மேலாக வழித்ததில், எண்ணெய் ஊறிய பல் அப்படியே உள்ளே தங்கியிருக்கிறது.

டிரைவருக்கு வேண்டியதை முடித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, வர்றதுக்கு முன்னாடி பல்லுல என்ன வச்சீங்க?"

சட்டைப் பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்தார். கிராம்புத் தைலம். கூடவே கொஞ்சம் பஞ்சு.

"ஊற வச்சுட்டு வருவேன் ஆத்தா. நீ பல்லத் தொடுறப்ப நான் மொகத்தச் சுளிச்சா ஒனக்குக் கை கூசுமில்ல. புது டாக்டரு. அதேன், மரத்துக் கெடக்கட்டும்னு."

விஷயத்தைச் சொன்னேன். புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாந்தேன் கெடுத்துப்புட்டேனா?"

"இல்லப்பா. நான் கேக்கல."

இந்த முறை ஊசி போட்டேன். ஊசியைப் பார்த்ததும் அப்பாவின் முகம் சுருங்கியது, கண்ணோரத்தில் நீர் நின்றது. என் கை கூசத்தான் செய்தது. மெஷினை வைத்து எண்ணெய் ஊறிய இடத்தைக் கொஞ்சம் எடுத்தேன். அந்தச் சத்தம் முடியும்வரை அவர் என் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கிராம்புக்குப் பயப்படாத வேறு வகை வைத்து அடைத்தேன். அதற்குப் பெயரே சிமெண்டுதான். திருத்த எனக்கு ஒன்றும் இல்லை.

வெளியே மாமா வந்து உட்கார்ந்திருந்தார், நான் கத்திய அன்று உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில். சுற்றிலும் ஆட்கள். அன்றைக்குச் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று, கையுறையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் பின்னாலேயே வந்தேன்.

அப்பா முந்திக்கொண்டார். மரத்துப்போன உதட்டில் வார்த்தை கோணலாக வந்தது.

"எல்லாம் என்னாலதேன் மச்சான். புள்ள சொல்லச் சொல்ல ஏலக்காயக் கடிச்சுப்புட்டேன். அது வேலைல ஒரு கொறயும் கெடையாது."

"அன்னிக்கே மருமக சொல்லுச்சுல்ல?" என்றார் மாமா.

"இல்ல மாமா" என்று ஆரம்பித்தேன்.

"நீ அடுத்த ஆளக் கூப்பிடு ஆத்தா" என்று அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அந்தப் பல் இன்றுவரை நிற்கிறது. கடைக்குப் போகும்போது பார்க்கிறேன். மாமா ஒரு ஏலக்காயை நீட்டி, "கடிச்சுராதீக மச்சான், டாக்டரு நிக்கிறாக" என்பார். அப்பா துண்டில்லாமல் சிரித்துக்கொண்டே அதை நகத்தால் பிளந்து பார்ப்பார். கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் அங்கேதான் நிற்கிறேன், சிரிக்கவும் முடியாமல், சொல்லவும் முடியாமல்.