சோப்பு டப்பா வயர்லெஸ்

குளச்சலில் எங்கள் தெருவிலேயே வாய் திறக்காத ஆள் யார் என்று கேட்டால், சின்னப்பிள்ளைகூட ததேயுஸ் வீட்டைக் காட்டும். மாதக்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகின் டிரைவர் அவன். கரைக்கு வந்தால் சிரிப்பான், தலையாட்டுவான், தூங்குவான். அவனுக்கும் சேர்த்து அவன் மனைவி லிஜி பேசிவிடுவாள்.

அவர்கள் மகள் ஜினிஷாவுக்கு மூன்று வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. காது நன்றாகத்தான் இருக்கிறது, செல்போனை எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையோடு விளையாடுங்கள் என்றார் நாகர்கோவில் டாக்டர். நான் இருபது வருஷமாக அங்கன்வாடி டீச்சர். சும்மா இருப்பேனா? படம் போட்ட அட்டைகளோடு போய் உட்கார்ந்து, "இது என்ன? இது என்ன?" என்று உயிரை வாங்கினேன். ஜினிஷா என் வளையலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. இரண்டு மாதம் ததேயுஸ் வீட்டில்தான்.

"கடலுக்குப் போறதுக்குள்ள ஒருக்கா அப்பான்னு கூப்பிட்டா போதும் டீச்சர்," என்றான். அவன் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

ஒரு மழை நாளில் போனபோது, தகப்பனும் மகளும் ஆளுக்கொரு மீன் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு சோப்பு டப்பா. அவன் தன் டப்பாவைப் படகு வயர்லெஸ் போல வாயருகே வைத்தான்.

"ஜினிஷா போட்டு, ஜினிஷா போட்டு. இது அந்தோணியார் போட்டு. மீனு உண்டா? ஓவர்."

அந்தோணியார் அவன் ஓட்டும் போட்டு, அதாவது படகு. ஓவர் என்று தன் முறையை முடித்துவிட்டுக் காத்திருந்தான். ஒரு நிமிஷம் ஆனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"உண்டுன்னு சொல்லு மக்கா," என்றேன்.

அவன் என்னைப் பார்த்துக் கையமர்த்தினான். "டீச்சர், வயர்லெஸ்ல ரெண்டு பேரு ஒண்ணா பேசினா ஒண்ணும் கேக்காது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் லிஜியும் அந்தப் பிள்ளைக்கு இடைவெளியே விட்டதில்லை. கேள்வியும் நாங்கள், பதிலும் நாங்கள். இவனோ நடுக்கடலில் பக்கத்துப் படகின் பதிலுக்காகக் காத்திருந்து பழகியவன். தினமும் கேட்டான், தினமும் காத்திருந்தான். முதலில் ஜினிஷா டப்பாவுக்குள் ஊதினாள். பத்தாம் நாள், "ஓவ" என்றாள்.

லிஜி தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள். அதன்பிறகு எல்லாமே ஓவர்தான். சோறு உண்டு முடித்தால் ஓவர், மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்தை நிறுத்தினால் ஓவர். ஜூலையில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. "மழ. மீனு இல்ல. ஓவர்." இல்லாத கடலில் இல்லாத மீனைப் பற்றிப் புளுகவும் கற்றுக்கொண்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அட்டைகளை எடுத்துப் பரணில் போட்டேன்.

ஆனால் அப்பா என்ற சொல் மட்டும் வரவில்லை. விளையாட்டில் அவன் தன் படகின் பெயரைத்தானே சொன்னான்? மகளும் அதையே பிடித்துக்கொண்டாள். கடையில், தெருவில், அவனை எங்கே கண்டாலும் "தோணியா போட்டு." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் முகம் வாடியதை நான் பார்த்தேன். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டான் பாவம்.

தடைக்காலம் முடிந்து புறப்படும் நாளில் நானும் துறைமுகத்துக்குப் போனேன். ததேயுஸ் மகளை முத்தமிட்டு, லிஜியின் கையில் கொடுத்துவிட்டுப் படகில் ஏறினான். எஞ்சின் ஓடத் தொடங்கியது. நிஜப் படகு நிஜமாகவே நகர்வதைப் பார்த்ததும் ஜினிஷாவின் உதடு பிதுங்கியது. கையில் டப்பா இல்லை. வெறும் கையை மடக்கி வாயருகே வைத்துக்கொண்டாள்.

"அப்பா போட்டு, அப்பா போட்டு. வீட்டுக்கு வா. ஓவர்."

கையை இறக்கிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். படகின் மேல் அவன் வாயைத் திறந்தான், மூடினான். அவள் பொறுமையாக மறுபடியும் கையை உயர்த்தினாள்.

"அப்பா, கேக்குதா? ஓவர்."