ஊற்றில் கிடந்த நெல்மூட்டை

ஓமந்தைக்குக் கிழக்கே, காட்டுப் பாதையின் முடிவில் இருக்கும் வெந்நீர் ஊற்றருகே எங்கள் ஜீப் நிற்கிறது. பூமிக்கடியிலுள்ள சூட்டை உலகமெல்லாம் பயன்படுத்த நாடுகள் கைகோத்திருக்கின்றனவாம். அதற்காக வந்த மூன்று வெளிநாட்டு நிபுணர்களுக்கு நான் மொழிபெயர்ப்பாளன்.

ஊற்றுக்குள் ஒரு நெல்மூட்டை கிடக்கிறது. வெந்நீரில் ஊறிய நெல்லை அவிக்க விறகு அதிகம் வேண்டாம். கரையில் நிற்கும் அம்மாதான் அதைப் போட்டவர்.

"தண்ணீரில் எதுவும் கிடக்கக் கூடாது, வெப்பத்தின் அளவு பிழைக்கும் என்று சொல்" என்கிறார் குழுத் தலைவர். சொல்கிறேன்.

"இடையில எடுத்தா நெல்லு புளிச்சு மணத்துப்போகும் தம்பி. பின்னேரம் எடுக்கட்டோ?"

தலைவரிடம் கேட்கிறேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் சாரதியும் நானுமே மூட்டையை இழுத்து வெளியே போடுகிறோம்.

வெப்பமானியை இறக்குவதும் ஏற்றுவதுமாக மத்தியானமாகிறது. தலைவர் தகரத்தில் அடைத்த மீனை எடுத்து, சூடாகட்டும் என்று அதே ஊற்றுக்குள் போடுகிறார். மற்ற இருவரும் ஆளுக்கொன்று போடுகிறார்கள்.

அந்த அம்மா பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

"அவையின்ர மீன் கிடந்தா அளவு பிழைக்காதோ தம்பி?"

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்க்கிறேன். தலைவருக்கு முகம் சிவக்கிறது.

"இந்தச் சூட்டை எப்படிப் பயன்படுத்துவதென்று இவர்களுக்குக் காட்டத்தான் வந்திருக்கிறோம் என்று சொல்."

அதை நான் சொல்லவில்லை. திரும்பவும் ஊற்றுக்குள் இறக்க மூட்டையின் ஒரு நுனியைப் பிடிக்கிறேன். மறு நுனியை அந்த அம்மா பிடிக்கிறார்.