தாரமங்கலம் வழியாகச் சங்ககிரி: தனியாகப் போன ஒரு நாள்

1983 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. அப்போது நான் சேலத்தில் வரலாற்று ஆசிரியை, வயது முப்பத்தாறு. அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்ததால் ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது. நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், சமையல்காரம்மா உட்பட. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், நாள் வாடகை நூற்றைம்பது ரூபாய்க்கு ஓர் அம்பாசிடர் பேசினேன்.

காலை ஏழுக்கு வண்டி வந்தது. டிரைவர் நல்லசாமிக்கு ஐம்பது வயதிருக்கும், சங்ககிரிக்காரர்.

"ஏனுங்க டீச்சர், கூட வாரவங்க எங்கீங்க?"

நான் மட்டும்தான் என்றேன். அவர் பின்கதவைத் திறந்துவிட்டார்.

தாரமங்கலம் இருபத்தேழு கிலோமீட்டர். எட்டு மணிக்குக் கோயிலில் கூட்டமே இல்லை. யாளியின் வாய்க்குள் இருக்கும் கல் உருண்டையை விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. மண்டபத்தின் மேற்கூரையில் கல் தாமரை. அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். 'பார்த்தியா' என்று சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் தூண்தான் இருந்தது. ஒன்றரை மணி நேரம் பார்க்க நினைத்த கோயிலை முக்கால் மணியில் முடித்துவிட்டேன்.

அங்கிருந்து சோளத்தட்டுப் போர்களும் கிணற்று மேடுகளுமாக ஒரு மணி நேரம் போனால் சங்ககிரி. ஒன்பதே முக்காலுக்கு மலையடிவாரம். ஒரு மணிக்கு இறங்கிவிடுவேன் என்று நல்லசாமியிடம் சொல்லிவிட்டு ஏறினேன். வாசல் மேல் வாசலாகக் கோட்டை போய்க்கொண்டே இருக்கிறது. உச்சியிலிருந்து திருச்செங்கோட்டு மலை தெளிவாகத் தெரிந்தது. கீழே லாரிகள் எறும்புபோல ஊர்ந்தன.

இறங்கும்போது, பாதி வழியில், கல் புரண்டு வலது கணுக்கால் மடங்கிவிட்டது. எழுந்தால் நிற்க முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. வலியைவிட வேறொரு கணக்குதான் பயமுறுத்தியது. இன்றிரவு நான் திரும்பாவிட்டால் யார் தேடுவார்கள்? விடுதி திறக்க இன்னும் ஆறு நாள் இருந்தது.

ஒன்றே முக்காலுக்குக் கீழிருந்து "டீச்சருங்க..." என்று குரல் கேட்டது. நல்லசாமி ஒரு கையில் சோடா பாட்டிலும் மறு கையில் ஊன்றுகோலுமாக மூச்சு வாங்க ஏறி வந்தார். எதற்கு இவ்வளவு தூரம் ஏறினீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு மணிக்கு வாரேன்னு சொன்னீங்க. வரலீங்க. பின்ன, ஏறிப் பாக்க வேண்டாமுங்களா?"

அழுதுவிட்டேன். கால் வலி என்று சொன்னேன். அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

இறங்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அடுத்துப் போவதாக இருந்த திருச்செங்கோட்டைக் கைவிட்டோம். ஊர் எல்லையில் வண்டியை மெதுவாக்கி, அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஊடு பக்கத்துலதானுங்க. ஒரு வாய் சாப்புட்டு, காலுக்கு ஒத்தடம் குடுத்துட்டுப் போலாமுங்க. ஊட்ல அவ இருக்கறா."

பரவாயில்லை, நேரமாகிறது என்றேன். எனக்கு என்ன நேரம்? ஐந்தரைக்கு விடுதி வாசலில் இறங்கி, பூட்டைத் திறந்து, ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுத் தின்றேன். அதற்குப் பின் அவரைப் பார்க்கவே இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோட்டையில் காலை எட்டுக்குள் ஏறத் தொடங்குங்கள். மேலே தண்ணீர் கிடைக்காது. தேய்ந்த செருப்பு கூடாது. இறங்கும் நேரத்தைக் கீழே யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். வழியில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், சரி என்று சொல்லுங்கள்.