பத்து மணி வெயிலுக்கு ஓர் அனுமதி

அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுகிறவருக்குத் தமிழிலேயே பதில் தரவேண்டும். பொதுமக்களுக்கென்று அச்சிடும் அறிவித்தல் இரு மொழியிலும் வரவேண்டும். இது சட்டம். அதை விளக்கும் சுற்றறிக்கையை உத்தியோகத்தில் இருந்தபோது நானே பல திணைக்களங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதோடு அதன் ஆயுள் முடியும்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அக்கா, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் தங்கியிருந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. வீதியில் இறங்கினால் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, எப்போது வந்தாய், ஏன் வந்தாய். அதைவிட யன்னல் சீலையை இழுத்துவிட்டு உள்ளே இருப்பது மேல் என்று முடிவெடுத்து, ஒன்றரை வருடம் வெயில் படாமல் இருந்தார். ஒருநாள் கதிரையிலிருந்து எழும்பும்போது தடுமாறிக் கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது.

களுபோவில ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டொக்டர், இந்தச் சின்ன விழுகைக்கு முறியக்கூடாத எலும்பு இது, தேய்ந்துபோயிருக்கிறது, இனி விழுந்தால் இடுப்புத்தான் என்றார். கையில் ஒரு துண்டுப்பிரசுரமும் தந்தார். முழுக்கச் சிங்களம். தமிழில் இல்லையா என்று கேட்டேன். தாதி என்னைப் பார்த்த பார்வையில், நான் பாரசீகத்தில் கேட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது.

வீட்டில் நான் வாசித்துச் சொன்னேன். பால், முள்ளோடு நெத்தலி, குரக்கன், கீரை. உடம்பின் பாரம் காலில் இறங்க நடக்கவேண்டும். தினமும் கொஞ்சம் வெயில் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பு முறியும்வரை காத்திராமல் முன்னமே இதைத் தொடங்கவேண்டும். கடற்கரைப் பக்கம் நடப்போமா என்று கேட்டேன்.

"அங்க நிக்கிற பொலிஸ்காரன் என்ர எலும்பையோ பாப்பான்? அடையாள அட்டையைத்தான் கேப்பான்," என்றார் அக்கா.

ஆகவே மொட்டைமாடி. காலை பத்து மணிக்கு அக்காவும், அவரைப் பார்த்துக் கட்டடத்தின் மற்ற நாலு பெண்களும் தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி நடந்தார்கள். எலும்பு தேய்வது தலை நரைப்பது மாதிரி, எண்ணெய் பூசுவதைத் தவிர வழியில்லை என்று அதுவரை நம்பியிருந்தவர்கள் அவர்கள். எல்லாரும் படித்தவர்கள். மூன்றாம் வாரம் அக்கா கைப்பிடியைத் தொடாமல் படி ஏறினார்.

நாலாம் வாரம் பொலிஸ் வந்தது. தமிழ்ப் பெண்கள் கூட்டமாக மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள் என்று எதிர்க் கட்டடத்தில் யாரோ அறிவித்திருக்கிறார்கள். வந்த சார்ஜனிடம் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் வாசித்தார். தன் தாய்க்கும் முதுகு கூனிக்கொண்டு வருகிறது, இதை எடுத்துக்கொள்ளலாமா என்று சிங்களத்தில் கேட்டார். நடப்பதில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லிவிட்டு, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். இந்தக் கதையில் அந்தக் காகிதத்தைப் பயன்படுத்திய ஒரே அரசாங்க உத்தியோகத்தர் அவர்தான்.

பொலிஸ் திறந்துவிட்டதை எங்கள் கட்டடச் சங்கத்தின் செயலாளர் பூட்டினார். அவரும் தமிழர், அவரும் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

"சார்ஜன் வாயாலதானே சொன்னவர்? நாளைக்கு வேறை ஆள் வந்தா நான் எதைக் காட்டுறது? எழுத்தில ஒண்டு எடுத்துத் தாங்கோ."

இருந்த ஒரே துண்டுப்பிரசுரத்தையும் சார்ஜன் கொண்டுபோய்விட்டார். ஆஸ்பத்திரியில் கேட்டால், முடிந்துவிட்டது, மறுபடி அச்சிட்டால் வரும் என்றார்கள். வேறு எவனும் அந்தப் பூட்டை ஒரு சுத்தியலால் தீர்த்திருப்பான். ஆனால் நானும் செயலாளரும் ஒரே தொழுவத்து மாடுகள். கடிதம் இல்லாமல் கதவு திறக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. உரிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் தமிழில் எழுதினேன்: துண்டுப்பிரசுரத்தின் தமிழ்ப் பிரதி வேண்டும், இந்த வயதுப் பெண்கள் வெயிலில் நடப்பது வைத்திய ஆலோசனையே என்று ஒரு வரி வேண்டும். ஒரு மாதத்தில் நினைவூட்டல். இன்னொரு மாதத்தில் முதல் நினைவூட்டலைச் சுட்டி இரண்டாவது. மூன்றாவதில் சட்டத்தின் வாசகத்தையே இணைத்தேன். மிக அழகான கடிதக் கோவை அது. என் உத்தியோக காலத்தில்கூட அப்படி ஒன்றை நான் கட்டியதில்லை.

நான் கோவை கட்டிய ஏழு மாதமும் அக்கா அறையில் இருந்தார். வீட்டுக்குள் நடக்கச் சொன்னேன். கட்டிலிலிருந்து குசினி அடுப்புவரை பன்னிரண்டு அடி.

"உன்ர கடுதாசி வரட்டும், நடப்பம்," என்றார். அதில் எவ்வளவு பகிடி, எவ்வளவு உண்மை என்று அப்போது நான் அளந்து பார்க்கவில்லை.

குளியலறை வாசலில் ஈரக் கால்மிதி சறுக்கியது. டொக்டர் சொன்ன இடுப்பு.

பதிலைச் செயலாளர்தான் கீழே தபாற்பெட்டியிலிருந்து எடுத்துவந்தார். நான் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோக வாசலில் நின்றேன். உறையைப் பிரித்தேன். சிங்களத்தில் நாலு வரி: தமிழ்ப் பிரதி தயாரிப்பது கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது, வயதான பெண்கள் வெயிலில் நடப்பது நல்லது. கீழே ஒப்பமும் இறப்பர் முத்திரையும். செயலாளர் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்ப சரி," என்று சொல்லிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

அக்காவின் இடுப்பில் தகடு வைத்து ஆறாம் நாள் அது. பெப்ரவரி ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை.