கண்ணில் நெளிந்த புழுவுக்குப் பேர் வைத்த கதை

அடுத்தவர் உடம்பில் ஒட்டிப் பிழைக்கிற புழுக்களைக் குப்பியில் அடைத்துச் சுமக்கிற வேலை எனக்கு. திண்டுக்கல்லில் ஒரு மருத்துவக் கல்லூரி லேபில் அட்டெண்டர், படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆஸ்பத்திரி, லேப் என்று அலைகிற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ஐந்து டப்பா

புதுப் புழு ஏதும் நடமாடுகிறதா என்று பார்க்க, எரியோடு பக்கம் வீட்டுக்கு வீடு மலம் சேகரித்தோம். ஒரு வீட்டில் ஆளுக்கு ஒன்றாக ஐந்து டப்பா கொடுத்தேன். மறுநாள் ஐந்திலும் ஒரே நிறம், ஒரே தக்காளி விதை. திரும்பப் போய் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஒரே சட்டிச் சோறுதான அப்பு திங்கிறோம், ஆளாளுக்குத் தனித்தனியா பாக்கணுமாக்கும்?"

மல்லிகைத் தோட்டம்

ஆரோக்கியம் சாணார்பட்டிப் பக்கம் கூலிக்குப் பூ எடுத்தவள். கண் உறுத்துகிறது என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வெள்ளை விழியில் நூல் மாதிரி ஒன்று நெளிந்தது. கண் டாக்டர் உருவி எடுத்தார். இடுக்கி பட்டு அதன் வால் நசுங்கிப்போனது. கண் பிழைத்தது. ஆனால் சேதி பரவி, தோட்டக்காரர் அவளைப் பூவைத் தொடவிடவில்லை. ஒட்டாது என்று லேபில் எழுதி வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றாராம்.

"அது என்ன சனியன்னு ஒரு தாள்ல எழுதி வாங்கிக் குடுங்கண்ணே, நான் பூவெடுக்கப் போகணும்."

என் கை வழக்கம்

எது வந்தாலும் ஃபார்மலினில் போட்டுத்தான் எனக்குப் பழக்கம். அழுகாது. அந்தப் புழுவையும் அதில்தான் போட்டேன். எங்கள் லேபின் டாக்டரம்மா புத்தகம் புத்தகமாகப் புரட்டினார். தோலில் ஓடுகிற வரிகள் தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துவரவில்லை. வாலைப் பார்த்தால் கொஞ்சம் பிடிபடும், அது நசுங்கியாயிற்று. மரபணுவைப் பார்த்தால் முழுசாகத் தெரியும். அதற்கு ஸ்பிரிட்டில் போட்டிருக்க வேண்டுமாம், ஃபார்மலின் அதைக் கெடுத்துவிடுமாம். யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. டாக்டரம்மா அதையே கேட்டார்.

"இவ்வளவு வருசமா பாட்டில் தூக்குறீங்களே, எதுக்கு எதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

சீட்டு

இந்த வகைப் புழு நாயிடமிருந்து கொசு வழியாக வருவது, ஆளுக்கு ஆள் ஒட்டாது என்று டாக்டரம்மா வாயால் சொன்னார். தாளில் 'இனம் உறுதியாகவில்லை' என்று மட்டும் எழுதினார். பேர் தெரியாத ஒன்றுக்கு அதற்குமேல் கையெழுத்துப் போட முடியாதாம். தோட்டக்காரரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"படிச்சவங்களுக்கே என்னன்னு தெரியலயாம், நான் எப்படிய்யா இவள உள்ள விட?"

சுவரில் படம்

புழுவின் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி லேபில் மாட்டினார்கள். வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்து நின்று பார்த்தார்கள். யார் கண் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், பூ எடுக்கிற பொம்பளை, இப்போது வேலை இல்லாமல் கிடக்கிறாள் என்று. ஒருவர் தலையாட்டினார்.

"அந்த வால் மட்டும் நசுங்காம இருந்திருந்தா எவ்வளவு அழகா இருந்திருக்கும்!"

கையெழுத்து

ஒன்றரை வருசம் கழித்து இன்னொருவர் கண்ணில் அதே மாதிரி. இந்தத் தடவை ஸ்பிரிட்டில் போட்டேன். புது இனம் என்று முடிவாகி, டாக்டரம்மா தன் குருவின் பேரை அதற்கு வைத்தார். ஒட்டாது என்று கையெழுத்தும் போட்டுத் தந்தார். தாளை எடுத்துக்கொண்டு ஆரோக்கியத்தைத் தேடினேன். கண் கதை யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து, பஸ் ஸ்டாண்டு ஓரம் பூக் கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"தாளு கெடக்கட்டும்ணே. எல்லாந் தெரிஞ்சவரு நீங்க, நான் கட்டுன பூவ உங்க வீட்டுல வைக்கச் சொல்லுவீங்களா?"

ஒட்டாது, ஒட்டாது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த நான், அன்று அவளிடம் வாங்கிப்போன இரண்டு முழத்தை யார் கட்டியது என்று வீட்டில் மூச்சுவிடவில்லை. எங்கள் ஆராய்ச்சியின் முடிவு இவ்வளவுதான்.