இல்லாத சாலையின் அகலம்

அவள் உருட்டிவந்த அளவைச் சக்கரம் சாலையின் முழு நீளமும் போய், திரும்பிப் பாதி தூரம் வந்து சிறுபாலத்தில் நின்றது. சாலையின் நீளம் ஆயிரத்து நூற்று எண்பது மீட்டர் என்று குறித்துக்கொண்டாள். இடது ஓரத்தில் ஒரு நகராட்சியின் பொறியாளர், வலது ஓரத்தில் பக்கத்து நகராட்சியின் பொறியாளர். நடுவில் பள்ளம். இருவரும் தத்தம் பக்கத்தைவிட்டு அசையவில்லை.

"மீட்டர் அக்கா, வெயில் ஏறுது," என்றார் இடது ஓரத்துக்காரர்.

"ஏறட்டும். டேப்பைப் பிடிங்க, அகலம் பாக்கணும்."

அந்தப் பெயர் அலுவலகத்தில் வைத்தது. மாநில அரசு சாலைப் பராமரிப்புக்கு ஒதுக்கும் நிதியை நகராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அவளுடைய பிரிவு. எத்தனை மீட்டர் சாலையோ அந்த அளவுக்குப் பங்கு. தட்டச்சராகச் சேர்ந்து பிரிவின் தலைமைக்கு வந்தவள். சிபாரிசோடு வருகிறவர்களிடம் "மீட்டர் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பாள். பெரிய இடத்து மைத்துனர் ஒருவர் அதற்குப் பதில் தெரியாமல் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். அவளுடைய பட்டியலில் பிழை இருக்கிறது என்று சொன்னவர் யாரும் இல்லை, வீட்டுக்காரரைத் தவிர.

அவருக்கு சைக்கிள் கடை. வளைந்து வரும் ரிம்மில் பாதி இரண்டு நகராட்சிகளுக்கும் நடுவே ஓடும் இந்த எல்லைச் சாலையிலிருந்துதான் வருகிறது என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சாலையே பட்டியலில் இல்லை என்று அவளும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை தபால் கொண்டுவரும் பெண் கையில் மாவுக்கட்டோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவர் கடையில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லாத ரோட்டுல விழுந்து, இருக்கிற கையை உடைச்சுக்கிட்டாங்க."

மறுநாள் காலை அவள் பழைய கோப்புகளைக் கட்டவிழ்த்தாள்.

சாலை இருந்தது. இரண்டு நகராட்சிகளும் ஆண்டுதோறும் நேர்மையாகவே எழுதியிருந்தன: நடுக்கோட்டிலிருந்து தங்கள் ஓரம் வரை, அகலம் இரண்டே முக்கால் மீட்டர். மூன்று மீட்டருக்குக் குறைந்தால் அதைச் சாலையாக எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை. ஐந்தரை மீட்டர் சாலை காகிதத்தில் இரண்டு ஒற்றையடிப் பாதைகளாகிக் காணாமல் போயிருந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த இரண்டு வரிகளையும் சிவப்பு மையால் அடித்திருந்தது அவளுடைய கை.

புதிய பட்டியல் இன்று ஐந்து மணிக்குள் இயக்குநரிடம் போக வேண்டும். தவறினால் இன்னொரு வருடத்துக்கு இங்கே கல்லும் வராது, தாரும் வராது. அதனால்தான் இருவரையும் சாலைக்கே வரச்சொன்னாள்.

டேப் ஐந்தரை காட்டியது.

"நெடுக்கப் பிரிச்சதுதான் தப்பு. குறுக்கப் பிரிப்போம். பாதி நீளம் உங்களுக்கு, பாதி நீளம் அவருக்கு. முழு அகலத்தோட."

இருவருக்கும் அது சரியாகப் பட்டது. பாதி வந்து சிறுபாலத்தில் விழுந்ததுதான் சிக்கல். விரிசல் விட்ட பாலத்தை ஏற்க இருவருக்கும் மனமில்லை. வலது ஓரத்துக்காரரின் தங்கையைத்தான் இடது ஓரத்துக்காரர் கட்டியிருந்தார்.

"தங்கச்சியையே குடுத்தேன் மாப்பிள்ளை. பாலத்தையும் வச்சுக்கங்க."

"இதை உங்க தங்கச்சி முன்னாடி சொல்லுங்க மச்சான், பாப்போம்."

அவள் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தபடி, நிதிக் கணக்கில் பாலத்து மீட்டர் ஒன்றை மூன்றாக எண்ணுவது விதி என்று பொதுவாகச் சொல்லிவைத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் பாலத்தில் கால் வைத்தார்கள்.

"முதல்ல வேண்டாம்னது நீங்கதான்," என்று வலது ஓரத்துக்காரரிடம் சொல்லி, பாலம் மாப்பிள்ளை பக்கம் போகும்படி கோடு கிழித்தாள். மச்சான் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நாலரை மணிக்கு இயக்குநர் பட்டியலைப் புரட்டினார். முதல் பக்கத்தில் அவள் ஒரு குறிப்பு வைத்திருந்தாள்: இந்தச் சாலை பன்னிரண்டு ஆண்டுகள் தவறாக நீக்கப்பட்டது, நீக்கியவள் நான். இது எதற்கு, சத்தமில்லாமல் சேர்த்துவிட்டால் போகிறது என்று அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

"இருக்கட்டும் சார். இந்த மாதிரி எல்லை ரோடு இன்னும் எத்தனை ஊர்ல அடிபட்டுக் கிடக்கோ. இதை எழுதினாத்தான் அதையெல்லாம் தேடச் சொல்லி நான் கேக்க முடியும்."

அவர் பேனாவைத் திறந்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

மறுநாள் பட்டியல் எல்லா நகராட்சிகளுக்கும் போனது. எல்லைச் சாலைகளை முழு அகலத்தில் அளந்து அனுப்பும்படி ஒரு சுற்றறிக்கையும் கூடவே போனது. முற்பகலில் மழை பெய்தது. சுண்ணாம்புக் கோடு அழிந்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்றது. சைக்கிள் கடைக்கு இரண்டு ரிம்கள் வந்தன, இரண்டும் அந்தச் சாலையிலிருந்து. ஒரு மணிக்கு அவள் சாப்பிட்டாள். பிறகு அடுத்த ஊரின் கோப்பைப் பிரித்தாள்.