ஒன்றாம் நம்பர் சீட்

நான், என் மச்சான் செல்வம், காரை விற்கும் அந்தம்மா. ஒரகடம் ஃபிளாட்டின் கீழே அன்று இருந்தது நாங்கள்தான்.

நான் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறேன். வெளிநாட்டு அதிகாரிகளை ஏற்றிப்போக ஒரு பழைய ஜெர்மன் கார் தேடினேன். காலையில் மணிமங்கலத்தில் பார்த்த கார் வேகத்தில் புலி. இது சொகுசு.

அந்தம்மா காரின் ஆர்.சி. புக் எடுக்க மேலே போனார். நான் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்தேன்.

"வேன் மாதிரி ஸ்டீரிங்க கட்டிக்கினு உக்காராத மாமா," என்று சிரித்தான் செல்வம். கதவில் 'செட்', 1, 2 என்று போட்டிருந்த பொத்தான்களைக் காட்டினான். "செட்ட அமுக்கி ஒன்ன அமுக்கு. இனிமே ஒன்ன தொட்டா சீட்டு உன் அளவுக்கு தானா வந்து நிக்கும்."

அப்படியே செய்தேன்.

அந்தம்மா திரும்பி வந்தார். "கடைசியா ஒருவாட்டி ஒன்ன அமுக்குங்கண்ணா. எங்க வீட்டுக்காரர் உக்கார்ற மாதிரி சீட்டு போவும். அவரு தவறி ஆறு மாசமாச்சு."

அழுத்தினேன். சீட் அசையவில்லை.

"நான்தாம்மா அழிச்சிட்டேன். தெரியாம என் அளவ வெச்சிட்டேன்," என்றேன்.

அவர் திட்டவில்லை. என்னை இறங்கச் சொல்லிவிட்டு, காலி சீட்டையே பார்த்தார்.

"பின்னாடி தள்ளுங்க. அவரு நெட்டை. கொஞ்சம் சாய்ச்சி விடுங்க. இல்ல, அவ்ளோ சாயமாட்டாரு."

வெளியே நின்றபடி வெகுநேரம் நகர்த்தினேன்.

"போதும்ணா. இப்டித்தான் உக்காருவாரு."

அதே இடம்தானா என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னதை ஒன்றில் பதித்தேன்.

"ரெண்டாம் நம்பரு என்னுது. அத நீங்க வெச்சிக்கோங்க," என்றார்.

காரை வாங்கினேன். ஒன்றை இன்றுவரை மாற்றவில்லை. அந்தக் காரில் என் நம்பர் இரண்டு.